சுனை உள்ள மலைகள்

புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலை, தேனிமலை, மலையடிப்பட்டி, குன்றாண்டார்கோயில். மலைநாட்டுக்காரர்கள் வைத்த பெயர்களாகத்தான் தெரியும். ஆனால் குடும்பத்தோடு மலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் ஊட்டி வரும், கொடைக்கானல் வரும், ஏற்காடு வரும், புதுக்கோட்டை வராது. இங்கே கொண்டை ஊசி வளைவு கிடையாது. தேயிலைத் தோட்டம் கிடையாது. வயலும் கண்மாயும் தைலமரக்காடுமாகப் போய்க்கொண்டிருக்கும் சமவெளியில் ஒரு மொட்டைப் பாறை சட்டென்று எழுந்து நிற்கும். அதைத் தாண்டினால் இன்னொன்று. இமயமலை எழுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த பாறைகள் இவை. சுற்றியிருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்துபோக, கரையாமல் மிஞ்சியவை.

நான் இந்த மாவட்டத்தில் பிறந்தவள். என் கணவர் பொள்ளாச்சிக்காரர். ஆனைமலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். எங்கள் ஊர்ப் பாறைகளை அவர் திருச்சி சாலையில் போகும்போது பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. "மலைன்னா காடு இருக்கோணுமுங்க அத்தை, ஓடை இருக்கோணும்" என்று என் அம்மாவிடம் சொல்வார். அம்மா அன்னவாசல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஆடு மேய்த்துக்கொண்டே எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஒங்க ஊரு மல காட்ட வச்சுருக்கு மாப்பிள்ள. எங்க ஊரு மல தண்ணிய வச்சுருக்கு. வந்து பாருங்க."

பொங்கல் கழிந்த வாரத்தில் காரை எடுத்தோம். காணும் பொங்கல் கூட்டம் ஓய்ந்திருந்தது. இந்தப் பக்கத்துக்கு வர அதைவிட நல்ல காலம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து முடிந்து, கண்மாய்கள் நிறைந்து, அறுவடை நடந்துகொண்டிருக்கும். வெயில் இன்னும் பாறையில் ஏறியிருக்காது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு என்று ஒன்றுகூட இங்கே இல்லை. வெள்ளாறும் பாம்பாறும் அக்கினியாறும் மழை பெய்தால் ஓடும், நின்றால் மணலாகிவிடும். அதனால்தான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை வெட்டி வைத்தார்கள். பெய்கிற மழையைப் பிடித்து வைப்பது இங்கே பரம்பரைத் தொழில்.

வடக்கே போக வேண்டிய நாங்கள் முதலில் தெற்கே திருமயத்துக்குப் போனோம். அது அம்மாவின் பிடிவாதம். காரைக்குடி சாலையில், கோட்டையின் வெளிச்சுவரை ஒட்டிக் கோட்டை பைரவர் இருக்கிறார். அந்த வழியில் போகும் லாரியும் பேருந்தும் காரும் அங்கே ஒரு நிமிடம் நிற்கும். ஓட்டுநர் இறங்கித் தேங்காய் உடைப்பார், அல்லது இருக்கையில் இருந்தபடியே கும்பிடுவார். பைரவரிடம் சொல்லாமல் அம்மா எந்த நெடும்பயணமும் தொடங்கியதில்லை.

பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கோட்டை 1687-இல் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டியது. உச்சியில் பீரங்கி ஒன்று இருக்கிறது. என் மகன் அதைவிட்டு நகரவே மாட்டேன் என்றான். எனக்குப் பிடித்தது கீழே, ஒரே பாறையில் பக்கம் பக்கமாகக் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும். சத்தியகிரீஸ்வரருக்கும் சத்தியமூர்த்திப் பெருமாளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887-இல் இந்த ஊரில்தான் பிறந்தார். கோட்டைமேலிருந்து பார்த்தால் நாலாபக்கமும் கண்மாய் நீர் பளபளக்கிறது. மலையின் உயரம் அதிகமில்லை. ஆனால் சுற்றிலும் அவ்வளவு தட்டையான பூமி என்பதால், கொஞ்சம் ஏறினாலே ஒரு வட்டாரம் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடுகிறது.

நார்த்தாமலைக்கு மறுநாள் விடிவதற்குள் கிளம்பினோம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சாலையில் 17 கிலோமீட்டர். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, பொன்மலை உட்பட ஒன்பது குன்றுகள் இங்கே கூடி நிற்கின்றன. அந்தக் காலத்தில் பெருவணிகர்களின் ஊர். இன்று பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு மாவட்டமே திரளும் ஊர்.

மேலமலைச் சரிவில் ஏறும்போது பாதை என்று தனியாக எதுவும் தெரிவதில்லை. வெறும் பாறை. கால் வைக்கும் இடம் எல்லாம் வழி. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். "பாறையில செருப்பு வழுக்கும் ஆத்தா, வெறுங்காலு புடிக்கும்" என்று என் மகளிடம் சொன்னார். சிறிது தூரத்தில் தலையருவிச் சிங்கம் என்ற சுனை. கரும்பச்சை நீர், ஓரத்தில் அல்லி இலைகள். அந்த நீருக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திர தொண்டைமானின் அரசி சுனை நீரை முழுவதும் இறைக்கச் செய்து அந்த லிங்கத்தை வழிபட்டார் என்று பக்கத்துப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பிறகு மழை வந்து சுனை நிரம்பியது. லிங்கம் மறுபடி நீருக்குள் போனது. என் கணவர் நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டைப் பாறையின் இடுப்பில் ஆழமான நீரை அவர் எதிர்பார்க்கவில்லை.

அதற்கும் மேலே பாறை ஒரு திண்ணை போலச் சமமாகிறது. அந்த இடத்தில் விஜயாலய சோழீச்சரம். மேற்குப் பார்த்த சன்னிதி. வெளியே சதுரமாகத் தெரியும் கோயிலுக்குள் போனால் கருவறை வட்டம். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் ஆள் சுற்றிவர ஒரு சந்து. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. பெயரில் சோழன் இருந்தாலும் கட்டியவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர், முத்தரையர் தலைவர். மழையில் அது சிதைந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் எடுத்துக் கட்டினார். வாசலில் வெட்டியிருக்கும் கல்வெட்டு இதைச் சொல்கிறது. கட்டியவர் பெயரோடு பழுது பார்த்தவர் பெயரையும் சேர்த்து எழுதிவைத்த அந்த மனதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கோயிலுக்கு எதிரே மலைச்சரிவில் இரண்டு குடைவரைகள். ஒன்றை ஊரார் சமணர் குடகு என்கிறார்கள். உள்ளே போனால் ஆளுயரத்தில் பன்னிரண்டு திருமால்கள், ஏறக்குறைய ஒரே சாயலில், சுவர் முழுக்க. சமணர் இருந்த குகை பிற்காலத்தில் பெருமாள் கோயிலானது. மற்றது பழியிலீச்சரம், நிருபதுங்க பல்லவன் காலத்தில் சாத்தன் பழியிலி குடைந்தது. அதற்கு முன்மண்டபமும் நந்தியும் எடுத்தவர் அவருடைய மகள், பழியிலி சிறிய நங்கை. 9-ஆம் நூற்றாண்டில் ஒரு மகள், அப்பா தொடங்கிய கோயிலைத் தொடர்ந்து கட்டி, தன் பெயரைக் கல்லில் பொறித்துவிட்டுப் போயிருக்கிறாள். என் மகள் அந்தப் பெயரைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். முன்மண்டபம் இன்று இல்லை, அடித்தளம் மட்டும் இருக்கிறது. பெயர் இருக்கிறது.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோது பாறை இடுக்கிலிருந்து ஓர் உடும்பு வெளியே வந்து வெயில் காய்ந்தது. மகன் மூச்சுவிடாமல் பார்த்தான். கர்நாடக இசைக் கச்சேரி மேடைக்குக் கஞ்சிராவைக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். கஞ்சிராவுக்குக் கட்டுவது உடும்புத் தோல். இந்தப் பாறைகளில் ஊர்ந்த உயிர்தான் அவர் கையில் பேசியது. இன்று உடும்பைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். அப்படித்தான் இருக்க வேண்டும். அது வெயில் காய்ந்து முடித்து, தன் பாட்டில் திரும்பிப் போனது.

அப்போது எங்கோ தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. கல்குவாரி. அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

இந்த மாவட்டத்தில் கல் உடைப்பது புதிதில்லை. எத்தனையோ குடும்பங்கள் உளியும் சுத்தியலுமாகப் பிழைத்த பூமி. கோயில்கள் எழுந்ததும் அதே உளியால்தான். இன்று நடப்பது வேறு. துளை போட்டு, வெடி வைத்து, குன்றையே சல்லியாக்கி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். குன்று இருந்த இடத்தில் குன்றளவு பள்ளம் கிடக்கிறது. 2025 ஜனவரியில் திருமயம் அருகே, சட்டவிரோதக் குவாரிகள்மீது தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, லாரி மோதி உயிரிழந்தார். அதைக் கொலை வழக்காகப் பதிந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு மாற்றினார்கள். ஒரு குன்றுக்காகப் பேசியவர் உயிரோடு இல்லை என்பதை நினைக்காமல் என்னால் இந்தச் சாலைகளில் போக முடியவில்லை.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்றால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. கல்வெட்டு உள்ள குன்றுக்கு அந்தக் காவல் உண்டு. எழுத்தே இல்லாத குன்று என்ன செய்யும்?

அன்னவாசல் பக்கம் போகும்போது அம்மா காரை நிறுத்தச் சொன்ன இடம் அப்படிப்பட்ட ஒரு குன்று. வரைபடத்தில் பெயர் இல்லை. ஊரில் கரடு என்றுதான் சொல்வார்கள். அடிவாரத்தில் முந்திரி மரங்கள், அதற்கு மேல் சூரைமுள், அப்புறம் பாறை. சிறு பிள்ளையாக இருந்தபோது அம்மா ஆடு ஓட்டிப்போன கரடு இது. எழுபது வயதைத் தாண்டியவர், முழங்கால் வலியோடு, எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று தெரிந்து ஏறினார். மேலே ஒரு வளைந்த பாறைக்கடியில் சுனை. குளியலறைத் தொட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம், அவ்வளவுதான். தலைப்பிரட்டைகள் நீந்தின.

"சித்திர வரைக்கும் வத்தாது" என்றார் அம்மா. "ஊர்க் கெணறு வத்துன வருசம்கூட இதுல தண்ணி கெடந்துச்சு. தூக்குவாளியில மொண்டு எடுத்துக்கிட்டு எறங்குவோம். ஆடு குடிக்கிறதுக்கு அந்தப் பக்கம் இன்னொரு குழி. மனுசன் குடிக்கிறதுல ஆட்ட விட மாட்டோம், ஆடு குடிக்கிறதுல நாங்க கை வைக்க மாட்டோம்."

என் கணவர் கேட்டார்: "இந்தத் தண்ணி எங்கிருந்துங்க அத்தை வருது? மேல ஒண்ணுமே இல்லியே?"

மேலே ஒன்றும் இல்லாததுதான் காரணம். மண் மூடாத பாறையில் பெய்த மழை வேறெங்கும் போக வழியில்லாமல் சரிந்து ஓடி, பள்ளத்திலும் வெடிப்பிலும் இறங்கித் தங்குகிறது. பாறை நிழல் கொடுப்பதால் வெயில் அதை எளிதில் குடிக்க முடிவதில்லை. நிரம்பி வழிவது அடிவாரத்து வாரி வழியாகக் கண்மாய்க்குப் போகிறது. குன்றை உடைத்தால் கல் மட்டும் போகவில்லை. அதன் கீழே இருக்கும் கண்மாயின் வரத்தும் போகிறது. இதை அம்மா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பாறையின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பெயர் சொன்னார்: யானைமுதுகு, வழுக்கல், கிழவி திண்ணை. அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் இப்போது ஊரில் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தங்கள் ஊர்க் கரட்டில் ஏறி, சுனை எங்கே, எந்த மாதம் வரை நீர் நிற்கிறது, பெரியவர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். எழுத்து உள்ளதற்குத்தான் காவல் என்றால், எழுதிவிடுவோம்.

அங்கிருந்து சித்தன்னவாசலுக்குப் போனோம். அந்த மலையில் எழுதி வைத்து இரண்டாயிரம் வருடமாகிறது. சாலையோரத்தில் முதலில் வருபவை பெருங்கற்காலக் கல்வட்டங்கள். செத்தவர்களைப் புதைத்த இடம். அவர்களும் இந்த மலையடிவாரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மலை 70 மீட்டர் உயரம்தான். மேற்குச் சரிவில் ஏறி, முகட்டைக் கடந்து, கிழக்குப் பக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம். செங்குத்தான பாறை விளிம்பில் கால் வைக்க ஏழு குழிகள் வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். இப்போது கம்பி பிடித்துக்கொண்டு போகலாம். அந்தக் காலத்துத் துறவிகள் எதைப் பிடித்தார்களோ.

இயற்கையாக அமைந்த குகை. தரையில் பதினேழு கற்படுக்கைகள், தலைக்கு உயர்த்திச் செதுக்கிய மேட்டோடு. வழவழவென்று தேய்த்திருக்கிறார்கள். மிகப் பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது. எருமி நாட்டில் பிறந்த ஒரு துறவிக்காக இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார்கள் என்பது செய்தி. அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே துறவிகள் வந்துகொண்டே இருந்தார்கள். திருநீலன், திட்டைச்சரணன் என்று பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். என் மகன் ஒரு படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து கல்லைத் தடவினான். "ராத்திரி குளிருமா அம்மாச்சி?" என்று கேட்டான்.

"குளிராதுய்யா. பகல்ல வாங்குன சூட்டப் பாறை ராத்திரி பூரா திருப்பிக் குடுக்கும்."

மலையில் நாவல் சுனையும் இருக்கிறது. நாவல் மரம் நின்ற சுனை. அதற்குள்ளும் நீருக்கடியில் ஒரு குடைவரைச் சிவன். அம்மா அதைக் காட்டி, "தண்ணி இல்லாத எடத்துல சாமியாரு இருப்பாரா?" என்றார். கல்வெட்டைப் படித்து நான் பேசிக்கொண்டிருந்தேன். துறவிகள் ஏன் இங்கே வந்தார்கள் என்பதை அம்மா சுனையைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

அறிவர் கோயில் மேற்குச் சரிவில் இருக்கிறது. ஒரு காலத்தில் இதை மகேந்திரவர்ம பல்லவனுடையது என்று நினைத்தார்கள். பிறகு கிடைத்த கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்தார் என்று சொல்கிறது. சுவர் ஓவியங்கள் அநேகமாக அழிந்துவிட்டன. தூண்களின் மேல்பகுதியிலும் விதானத்திலும் மிஞ்சியிருப்பதைத்தான் பார்க்கிறோம். தூண்களில் ஆடல் மகளிர், ஓர் அரசனும் அரசியும். கருவறைக்குள் நின்று மெல்ல ஓம் என்றால் சுவர்கள் அதை வாங்கி நெடுநேரம் வைத்திருக்கின்றன. காவலர் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் இருவரும் மாறி மாறிச் செய்தார்கள்.

தலையை அண்ணாந்து விதானத்தைப் பார்த்தேன். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அங்கே முதலில் தெரிவது தண்ணீர்தான். தாமரை நிறைந்த குளம். மலர்ந்தது, மொட்டு, இலை, தண்டு. நடுநடுவே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். மூன்று பேர் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். ஒருவர் தண்டோடு தாமரைகளை அள்ளியிருக்கிறார். தீர்த்தங்கரர் அறவுரை சொல்லும் சமவசரணத்துக்குப் போகும் வழியில் பவ்யர்கள் என்னும் அடியார்கள் கடக்கும் குளம் என்பது சமணர் கூறும் பொருள். அந்தப் பொருள் சரி. ஆனால் வரைந்தவன் இந்தப் பூமிக்காரனாக இருந்தால், புண்ணியவான்கள் போய்ச்சேரும் இடத்தை வரையச் சொன்னபோது அவன் மனதில் எழுந்தது வேறென்னவாக இருக்கும்? கார்த்திகை மழை முடிந்து, மறுகால் பாயும் ஒரு கண்மாய். எருமை இறங்கிய கண்மாய். வான மண்டலமும் பொன்மாளிகையும் வரையாமல், வறண்ட மாவட்டத்தின் மலைக்குள், கூரை முழுக்கத் தண்ணீரை வரைந்துவிட்டுப் போயிருக்கிறான். கருப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம். ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பச்சை இன்னும் தெரிகிறது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் மேலே பார்த்தார். "அந்தா, எரும கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கிது பாரு. வெயில்ல வந்த எரும அப்புடித்தான் நிக்கும்" என்றார்.

கட்டுச்சோற்றை மலையடிவாரத்து மர நிழலில் அவிழ்த்தோம். புளிச்சோறும் பருப்புத் துவையலும் வறுத்த மோர் மிளகாயும். சாப்பிட்டு முடிக்கவும் குடுமியான்மலைக்குக் கிளம்பவும் சரியாக இருந்தது.

குடுமியான்மலை சிகாநாதசுவாமி கோயிலில் முன்மண்டபத்துத் தூண்களிலேயே அரைநாள் போய்விடும். ரதியும் மன்மதனும் நரசிம்மரும் நிற்கிறார்கள். நரசிம்மரின் கையில் குடல் மாலை. அர்ச்சகர் தன் காதலிக்கு முதலில் சூட்டிய மாலையை அரசனுக்குப் பிரசாதமாகக் கொடுக்க, அதில் தலைமுடி இருந்தது ஏன் என்று அரசன் கேட்க, சுவாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் சொல்ல, சுவாமியும் அவரைக் காப்பாற்றக் குடுமி வைத்துக்கொண்ட கதையை அம்மா பிள்ளைகளுக்குச் சொன்னார். பக்தனுக்காகப் பொய்யையும் மெய்யாக்கிய சாமி என்பதில் அம்மாவுக்குத் தனிப் பெருமை.

என்னை இழுப்பது கோயிலுக்குப் பின்னால், மேலைக்கோயில் குடைவரையின் பக்கத்துப் பாறை. 1904-இல் கண்டறியப்பட்ட இசைக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாக, ஏழு பண்ணுக்குரிய சுர வரிசைகளைப் பாறை முழுக்க வெட்டியிருக்கிறார்கள். ருத்ராசாரியரின் மாணவனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று முடிவில் இருக்கிறது. யார் அந்த அரசன் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அதைவிட முக்கியம், மாணவர்களுக்காக என்ற அந்தச் சொல். ஓலையில் எழுதினால் செல்லரிக்கும் என்று தெரிந்த ஓர் ஆசிரிய மனம், பாடத்தை மலையில் எழுதி வைத்திருக்கிறது. வீணை கற்கும் என் மகள் எழுத்துகளின்மேல் கைபடாமல் காற்றில் விரலை ஓட்டிப் பார்த்தாள். அந்தச் சுரங்களை இன்று நாம் பாடுகிற விதத்தில் அப்படியே பாடிவிட முடியாது. ஆனாலும் ச, ரி, க என்று எழுத்துக் கூட்டும்போது ஓர் ஒழுங்கு காதுக்குள் வருகிறது.

மேலே பாறையில் காளைமேல் அமர்ந்த சிவனும் உமையும், இருபுறமும் அறுபத்துமூன்று நாயன்மார்களும் ஒரே வரிசையில். கீழிருந்தே தெரிகிறார்கள். அஸ்தமன வெயில் அந்த வரிசையில் விழுந்தபோது கணவர் செல்போனை எடுத்தவர், எடுக்காமல் பையில் வைத்துக்கொண்டார். இரவு புதுக்கோட்டைக்குத் திரும்பி, முட்டை மாஸும் பரோட்டாவும் சாப்பிட்டோம். அவித்த முட்டையை வெங்காயம், தக்காளி மசாலாவில் பிரட்டித் தரும் இந்த ஊர்ப் பண்டத்துக்குப் பொள்ளாச்சிக்காரரின் ஒப்புதல் அன்றே கிடைத்துவிட்டது.

மறுநாள் இலுப்பூர் வழியாக மேற்கே போனோம். கொடும்பாளூரில் மலை இல்லை. ஆனாலும் இந்த வழியில் அதை விட்டுவிட்டுப் போக முடியாது. மதுரைக்குப் போகும் பாதைகள் பிரிகிற இடமாகச் சிலப்பதிகாரம் குறிப்பிடும் ஊர். இருக்குவேளிர்களின் தலைநகரம். கல்கி 'பொன்னியின் செல்வ'னில் வானதியை இந்த ஊரிலிருந்துதான் வரவழைத்தார். பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரண்டு தேவியர் பெயரிலுமாக மூன்று கோயில் எடுத்ததை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. மூவர் கோயிலில் இப்போது நிற்பவை இரண்டு. மூன்றாவதன் அடித்தளத்தில் ஏறி நின்றால் மற்ற இரண்டு விமானங்களையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

விராலிமலைக்கு நாங்கள் போய்ச்சேர்ந்தபோது மயில்கள் படிக்கட்டு ஓரச் சுவரில் வரிசையாக இருந்தன. 207 படி. அம்மா ஒவ்வொரு மண்டபத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். இந்த முருகனுக்குச் சுருட்டு படைக்கிற வழக்கம் உண்டு. கருப்பமுத்து என்ற பக்தர் மழையில் சிக்கித் தவித்தபோது, வழித்துணையாக வந்தவரோடு தன் சுருட்டைப் பகிர்ந்துகொண்டார். சன்னிதிக்கு வந்து பார்த்தால் சுவாமி முன்னால் சுருட்டு இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். என் கணவர் கீழே கடையில் கேட்டு வாங்கி வந்தார்.

மேல் மண்டபத்தில் மகளிடம் முத்துக்கண்ணம்மாளைப் பற்றிச் சொன்னேன். இந்தக் கோயிலுக்குச் சதிராடிய முப்பத்திரண்டு பெண்களில் ஒருவர். நாள்தோறும் இந்தப் படிகளில் ஏறி முருகன் முன் பாடி ஆடியவர். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபிறகு அந்த வழக்கம் நின்றது; ஆட்டத்தை அவர் விடவில்லை. விராலிமலைக் குறவஞ்சியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இத்தனை முதிய வயதில் ஒரு சதிர்க் கலைஞரைத் தேடி வந்த விருது, இன்னும் நாற்பது வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். மகள் படிகளைக் குனிந்து பார்த்தாள். "தினமுமா?" என்றாள்.

"தெனமுந்தான்" என்றார் அம்மா.

மலைமேலிருந்து பார்த்தால் கிழக்கே, நாங்கள் வந்த திசையில், பாறைக்குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. எது எது என்று கணவர் கேட்கக் கேட்க அம்மா கைநீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலவற்றுக்கு அவருக்கும் பெயர் தெரியவில்லை.

"அதுல சுனை இருக்குங்களா அத்தை?" என்று கேட்டார் கணவர்.

"இருக்கும். ஏறிப் பாத்தாத்தான் தெரியும்."

மலையடிப்பட்டியும் குன்றாண்டார்கோயிலும் பாக்கி. கீரனூரில் தங்கினால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்றார் அம்மா. தேனிமலைக்குத் தனியாக ஒரு காலைப்பொழுது வேண்டும். பங்குனி பிறப்பதற்குள் வந்துவிடச் சொன்னார். அதற்குப் பிறகு வெறுங்காலில் பாறை ஏற முடியாது.